தாலிக்குப் பின் வந்த இணைச்சீர்

திரைப்படம் பார்த்து அழுவதைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு. அழுவது தவறன்று, அதற்குச் சீட்டு வாங்குவதுதான் தவறு. வீட்டில் செலவின்றிக் கிடைக்கும் ஒன்றை, வண்டி நிறுத்தக் கட்டணமும் செலுத்தி, முன்பின் அறியாதவர் முழங்கை இடிக்கும் இருக்கையில் அமர்ந்து பெறுவது எந்தப் பொருளாதாரத்திலும் அடங்காது. நான் கல்லூரியில் கற்பித்தது வரலாறு என்றாலும், இவ்வளவு பொருளாதாரம் எனக்கும் தெரியும்.

ஆயினும் ஒரு குடும்பப் படத்தை நான் இருமுறை பார்த்தேன். ஒரே வாரத்தில் பார்த்தேன். எங்கள் மோகனூரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதால், நடந்ததை நானே எழுதிவைப்பது நல்லது.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நம் பக்கத்தைக் களமாகக் கொண்ட அக்காள்–தம்பி கதை. தாய் தந்தையற்ற தம்பியை அக்காள் வளர்க்கிறாள். ஒரு சொல்லால் இருவரும் பிரிகிறார்கள். அவள் தறி நெய்யும் ஊரில் வாழ்க்கைப்படுகிறாள். அவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிறான். அவனுடைய கல்யாணத்தில் ஒன்றுசேர்கிறார்கள். வெளியான முதல் வாரத்திலேயே எங்கள் உறவினர் அனைவரும் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் அழும் முகங்களை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உடன்பிறந்தவள் மீது வாய்க்கால் தகராறில் வழக்குத் தொடுத்திருக்கும் ஒருவர், "அக்கா என்றால் அம்மா" என்று எழுதியிருந்தார். வாய்தா எப்போது என்று கேட்கலாமா என நினைத்து, நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் ஓர் அக்காள் இருக்கிறார்: என் மனைவி. அவருக்கும் ஒரு தம்பி உண்டு. புதுச்சத்திரத்தில் இருக்கிறார், அவரும் ரிக் வண்டி முதலாளிதான். அவரும் நானும் பேசி ஆறு வருடமாகியிருந்தது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகன் கல்யாணத்துக்கு முதல் அழைப்பு தாய்மாமனுக்குத்தான் என்பதால், முறைப்படி மனைவியோடும் தாம்பூலத் தட்டோடும் புதுச்சத்திரம் போனேன். மைத்துனர் ஒடிசாவில் எங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் கையில் தட்டைக் கொடுத்து, முகமலர்ச்சியோடு அழைத்துவிட்டு வந்தோம். ஆள் இல்லாத நாளாகப் பார்த்து வந்தேன் என்பது அவர் கட்சி. ஒருவர் வீட்டில் இருக்கும் நாளைக் கணித்துச் சொல்ல நான் பஞ்சாங்கம் அல்லன் என்பது என் கட்சி. கல்யாணத்தன்று அவர் வந்தார். விருந்தாளியைப் போல் சந்தனம் தொட்டுக்கொண்டார். முதல் பந்தியில் சாப்பிட்டார். மொய் எழுதுமிடத்தில், உறவுமுறை எதுவும் சொல்லாமல் "புதுச்சத்திரம்" என்று ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மாமன் சீருக்கு நிற்காமல் போய்விட்டார். ஊரே பார்த்தது. என் மனைவி மேடையிலிருந்து பார்த்தார்.

இப்போது என் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். அவர் வராவிட்டால் அவருடைய பங்காளிகளில் வேறொருவரை நிறுத்திக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தாராளமாக யோசனை சொன்னார்கள். பத்திரிகை அச்சாகி வந்த பிறகு, என் மனைவி அந்தக் கட்டைப் பிரிக்காமல் பூசையறையில் வைத்தார். முதல் பத்திரிகை போக வேண்டிய வீட்டுக்குப் போகாமல் இரண்டாவதை எடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கட்டு பிரிக்கப்படவில்லை. மைத்துனர் தானாகச் செய்தி அனுப்பட்டும் என்று நான் இருந்தேன். நானாக வந்து அழைக்கட்டும் என்று அவர் இருந்தார்.

இந்த நிலையில்தான், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் விடுமுறையில் வந்து, குடும்பத்தோடு படத்துக்குப் போகலாம் என்றாள். சேலத்தில், பகல் காட்சி. எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள் என்றாள். என் மனைவி அப்படி ஆசைப்பட்டுச் சொன்ன விஷயங்கள் மிகக் குறைவு என்பதால் புறப்பட்டேன். சதி என்று சந்தேகிக்காதது, அக்பர் முதல் அவுரங்கசீப் வரை அரண்மனைச் சதிகளைப் பாடம் நடத்திய எனக்குப் பெருமை தருவதன்று.

அரங்க வாசலில் சீட்டைச் சரிபார்த்த இளைஞன் என் மாணவனாக இருந்தான். எங்கே போனாலும் இப்படி ஒருவன் இருப்பான். "சார், நீங்களா சார்?" என்று, மதுக்கடையில் என்னைக் கண்டுவிட்டவன்போல் கேட்டான். குடும்பத்தார் விருப்பம் என்று விளக்கம் சொல்லி உள்ளே போனேன். வரிசையின் நடுவில் எனக்கு இடம். எனக்கு இடப்புறம் மகள், அவளுக்கு அப்பால் மனைவி. வலப்புறம் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. விளக்கணைந்து, புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்று திரையில் எச்சரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கனத்த உருவம் கால்களை மிதித்துக்கொண்டு வந்து என்னை ஒட்டிய இருக்கையில் அமர்ந்தது. அவருக்கு அப்பால் அவர் மனைவி. திரை வெளிச்சத்தில் மைத்துனர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் உடனே எங்கள் எங்கள் மகளிரைப் பார்த்தோம். மகளிர் மூவரும் புற்றுநோய் எச்சரிக்கையை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் வாசலில் என் மாணவன் நின்றான். மைத்துனருக்கும் அங்கே யாரோ தெரிந்தவர் இருந்திருக்க வேண்டும். மானமுள்ள இருவர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு மிகச் சிறந்த இடம் திரையரங்கு. எல்லாரும் ஒரே பக்கம்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு நடுவே இருந்த கைப்பிடி ஒன்றுதான் சங்கடம். இரண்டரை மணி நேரம் அதில் அவரும் கை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. எல்லையோரத்தில் இப்படியொரு தரிசு நிலம் அரசாங்கங்களுக்கு இடையே இருந்தால் எவ்வளவோ போர்கள் நின்றிருக்கும்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதாநாயகனாக நடித்தவருக்குப் பெரிய பெயர், பெரிய தாடி. ரிக் வண்டியில் வேலை செய்பவன் மேல் சேறும் கல்தூளும் அப்பியிருக்கும். இவர் மேல் பவுடர்தான் அப்பியிருந்தது. முதல் பாதி முழுவதும் நான்கு நான்கு பேராக வந்தவர்களை அடித்தார். எங்கே நாம் அழ வேண்டும் என்பதை வயலின்கள் அரை நிமிடம் முன்பாகவே அறிவித்துவிடுகின்றன; பேருந்தில் நடத்துனர் அடுத்த நிறுத்தத்தைக் கூவுவதுபோல. நம் ஊர்ப் பேச்சென்று ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு "ங்க" ஒட்டியிருந்தார்கள். நம் பக்கத்தான் நாயைக் கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவான் என்று யாரோ அந்த எழுத்தாளரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அக்காளாக நடித்த பெண்மணியை என்னால் கேலி செய்ய முடியவில்லை. முயன்று பார்த்தேன். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி, சீலை வாங்க வந்த யாரோ ஒரு வியாபாரியின் வாய்வழியாக அவளுக்குத் தெரியவருகிறது. அவள் அப்போது ஒரு சீலையை மடித்துக்கொண்டிருக்கிறாள். வேறொரு நடிகை என்றால் சீலை கீழே விழும், இடி இடிக்கும். இவர் மடிப்பதை நிறுத்தவில்லை. நான்கு மூலைகளையும் சேர்த்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "பொண்ணு எந்த ஊருங்க?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். வயலின்காரர்களுக்கே என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இடத்தில் சும்மா இருந்துவிட்டார்கள். இடப்புறம் என் மனைவி மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. என் மனைவியும் பத்திரிகைக் கட்டைப் பூசையறையில் வைத்தபோது அப்படித்தான், அதன் மேலிருந்த தூசியை நீவிவிட்டு வைத்தார்.

வலப்புறம் மைத்துனர் கனைத்துக்கொண்டார்.

பிறகு உச்சக்காட்சி வந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இணைச்சீர் என்பது எங்களில் மணமகனின் உடன்பிறந்தாளுக்குச் செய்யும் சீர். தாலி கட்டுவதற்கு முன்பே, அருமைக்காரர் என்னும் சடங்கு நடத்தும் பெரியவர், அக்காளையோ தங்கையையோ மணமகனின் பக்கத்தில் நிறுத்துவார். மணமகள் உடுத்தப்போகும் கூறைச்சீலையின் ஒரு முனை அவனிடமும் மறுமுனை அவளிடமும் இருக்கும். வருகிறவள் எவளாயினும் இவளுடைய உறவு அறாது என்பது பொருள். அந்தச் சீலையைத்தான் பிறகு மணமகள் உடுத்தி வருவாள். வரிசை அது.

படத்தில் நாயகன் முதலில் தாலி கட்டினான். பிறகு அக்காள் மண்டபத்து வாசலில் வந்து நின்றாள். அவன் மேடையிலிருந்து குதித்து ஓடினான். காற்று அடித்தது, மண்டபத்துக்குள் எப்படி அடித்தது என்று கேட்கக்கூடாது. பிறகு அவளை மேடையேற்றி இணைச்சீர் செய்தார்கள். அருமைக்காரராக ஒரு நகைச்சுவை நடிகர். அக்காளின் கண்ணீர் கடைசியில் வர வேண்டும் என்பதற்காக, ஒரு வட்டாரத்தின் கல்யாணத்தையே தலைகீழாகத் திருப்பியிருந்தார்கள்.

அரங்கம் முழுவதும் விம்மிக்கொண்டிருந்தது. அப்போது என் வலப்புறமிருந்து, திரையை நோக்கி, ஒரு குரல் எழுந்தது.

"கூறைச்சீலையெத்தான் பொண்ணு கட்டீட்டு நிக்குதே. இது ஏது சீலை?"

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதன்று. ஆனால் மிகச் சரியான கேள்வி. தேர்வுத்தாளில் ஒரு மாணவன் அப்படிக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். நானும் திரையை நோக்கியே சொன்னேன்.

"கடையில புதுசா எடுத்திருப்பாங்க."

"தாலி கட்டுன பொறவு இணைச்சீரு. எலையெடுத்த பொறவு உப்பு வெக்கறாப்பல."

"அருமைக்காரர் தலையில துண்டே இல்லீங்க. வெறுந்தலையோட நிக்கறாரு."

"துண்டா? அந்தாளு செருப்போட நிக்கறானுங்க மச்சான். காலெப் பாருங்க."

பார்த்தேன். செருப்போடுதான் நின்றார். என்னையறியாமல் சிரித்துவிட்டேன், சற்று உரக்கவே சிரித்தேன். அவரும் சிரித்தார். சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது இருவர் மட்டும் சிரிப்பது இழவு வீட்டில் சீட்டாடுவது போன்றது. முன் வரிசையில் கைக்குட்டையோடு இருந்த ஓர் அம்மாள் திரும்பினார்.

"ஏனுங்க, காசு குடுத்து வந்தும் நிம்மதியா அழுவ உடமாட்டேங்கறீங்க. வெளியில போயிப் பேசிக்குங்க சாமி."

நியாயமான கோரிக்கை. நாங்கள் எழுந்து வெளியே போனோம்.

தேநீர் விற்குமிடத்தில் நின்றுகொண்டு பேசினோம். பேசியது முழுவதும் இணைச்சீரைப் பற்றியே. சீலை முனையைக் கையில் பிடிப்பதா, கக்கத்தில் இடுக்குவதா என்பதில் புதுச்சத்திரத்துக்கும் மோகனூருக்கும் வேறுபாடு இருக்கிறது என்றார் அவர். கிடையாது என்று நான் மறுத்தேன். ஆறு வருடம் பேசாமலிருந்த இருவர் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நேற்று விட்ட வாதத்தைத் தொடர்கிறவர்கள் போலிருந்தோம். பிறகு அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நம்ம புள்ளெ கலியாணத்துக்கு அருமைக்காரரு ஆருங்க?"

சொன்னேன்.

"அவரா? பட்டம் கட்டறதுக்கு முன்னால என்ன பண்ணோணும்னே அவருக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்க பக்கத்துல நின்னாச் சரியாப் போயிரும்."

இதற்கு மேல் இறங்கிப் பேச எனக்குத் தெரியாது. அவரும் அதை அறிவார்.

"நிக்கோணும்னா அழைக்கோணுமில்லீங்க," என்றார்.

"ஊட்டுல இருக்கற நாளாச் சொன்னா வர்றோம்."

அவர் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமெ இருப்பனுங்க," என்றார்.

கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தது. எல்லார் முகமும் வீங்கியிருந்தது. மகளோடு வந்த என் மனைவி, நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் மகிழ்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரம் போக வேண்டும் என்று, ஏதோ நானே முடிவுசெய்ததுபோல் அறிவித்தேன். எப்படிப் பேச்சுத் தொடங்கியது என்று மகள் கேட்டாள். சீலையைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் மைத்துனர் உற்சாகமாக விளக்கினார்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"ஆறு வருசமா நான் அழுதனே, அதுக்கு ரண்டு பேருக்கும் வாய் வர்லீங்க. சினிமாக்காரன் சீலையெத் தப்பாப் புடிச்சான்னதும் வந்திருச்சு."

மைத்துனர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். என் மனைவியின் குரல் உயரவில்லை என்பதால் பக்கத்தில் நின்றவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. அந்த அளவில் மானம் பிழைத்தது.

"ஞாயித்துக்கெழமெ தட்டு எடுக்கோணும்னா நானும் வரோணும். அதுக்கு முந்தி ரண்டு பேரும் மறுக்கா வந்து இந்தப் படத்தெக் கடைசி வரைக்கும் பாருங்க. அழுவோணும்னு இல்லீங்க. வாயெ மூடீட்டுப் பாத்தாப் போதும்."

தேர்ச்சி பெறாத மாணவர்கள் எத்தனையோ பேரை மறுதேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னை அனுப்பியவர் இவர் ஒருவரே.

வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் பகல் காட்சிக்குப் போனோம். அங்கே என் மாணவர் யாரும் இல்லாதது என் புண்ணியம். அரங்கில் எங்களைத் தவிர ஓரிரு காதலர்களும், தூங்குவதற்கென்றே வந்த ஒருவரும் இருந்தார்கள். சிறையில் தண்டனை அனுபவிப்பவர்கள்போல் நேராக உட்கார்ந்து பார்த்தோம். அருமைக்காரரின் செருப்பு வந்தபோது இருவருமே கூரையைப் பார்த்துக்கொண்டோம்.

முதல் முறை நாங்கள் தவறவிட்டது மிகச் சிறிய காட்சி. சடங்கு முடிந்து கூட்டம் பந்திக்குப் போய்விடுகிறது. மேடையில் அக்காளும் தம்பியும் மட்டும். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் வசனம் எதுவும் பேசவில்லை. அவன் தாடியில் ஒரு மஞ்சள் அரிசி சிக்கியிருக்கிறது. அவள் அதை எடுக்கிறாள், விரல் நுனியில் வைத்துப் பார்க்கிறாள், பிறகு அதை அவன் தலைமேல் போடுகிறாள். வாழ்த்த வேண்டிய நேரத்தில் தான் அங்கே இல்லை என்பதை அந்தப் பெண்மணி ஓர் அரிசியை வைத்துச் சொல்லிவிட்டார். அதைவிட வியப்பு, அத்தனை பேரை அடித்துப்போட்ட அந்த நாயகர் செய்தது: தலைக்கு எண்ணெய் வைக்கும்போது குழந்தை மூடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒன்றுக்காக அவருடைய பவுடரையும் தாடியையும் மன்னிக்கிறேன். அங்கே அந்தத் தாடிக்கும் ஒரு வேலை இருந்தது. சடங்கைத் தலைகீழாக்கிய இயக்குநரை மன்னிக்கவில்லை; அது வேறு விஷயம்.

"ஏசி சாஸ்தியா இருக்குதுங்க," என்று மைத்துனர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் ஆமோதித்து என் கண்ணாடியைக் கழற்றினேன். அன்று ஏசி ஓடாது என்று சீட்டு கொடுக்கும்போதே சொல்லித்தான் எங்களை உள்ளே விட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மகளுமாக மூவரும் புதுச்சத்திரம் போனோம். மைத்துனர் காலையிலிருந்தே வெள்ளை வேட்டியோடு வாசலில் இருந்ததாக அவர் மனைவி எங்களிடம் சொன்னார். சொல்லக் கூடாது என்று அவர் கண்ணால் தடுத்தும் சொன்னார். பூசையறையிலிருந்து வந்த பத்திரிகைக் கட்டை அந்த வீட்டுத் திண்ணையின் மேல் வைத்து, என் மனைவி அங்கேதான் பிரித்தார். முதல் பத்திரிகையை மஞ்சள் தடவித் தட்டில் வைத்தோம். நான் முறைப்படி, கட்டாயம் முன்னதாகவே வந்திருந்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்று அழைத்தேன். அவர் தட்டை வாங்கவில்லை. அக்காளைப் பார்த்தார்.

"நீங்களும் சொல்லுங்க்கா."

என் மனைவி சொல்ல வாயெடுத்தார். "வா சாமி" என்பது மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை எந்தத் திரையரங்கிலும் நான் கேட்டதில்லை. மைத்துனர் தட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பத்திரிகையின் மஞ்சள் அவர் சட்டையெல்லாம் ஒட்டியது. மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். எங்கே பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே, ரிக் வண்டிக்குத் துணையாகப் போகும் அவருடைய பழைய கம்ப்ரசர் லாரி நின்றுகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

டயர் நன்றாக இருக்கிறது என்றேன் நான்.

"முன்னதுதானுங்க மச்சான். பின்னது ரண்டும் மாத்தோணும்," என்றார் அவர்.